அலமாரிக் கதவில் 31 தாள், கையில் ஒன்பது நாள்: மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வழி சொல்லுங்கள்

பட்டர்வொர்த் வேன்காரர்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். படிப்பை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. என் மகள் ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் நான்குக்கு 3.58 எடுத்திருக்கிறாள். உயிரியல், வேதியியல், கணிதம், அதோடு பொதுப்பாடம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு மட்டும் இல்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர யூபியூ என்கிற பொது விண்ணப்பம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. 12 படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். அவள் தினமும் உள்ளே போகிறாள், இரண்டு மூன்றை மாற்றுகிறாள், அனுப்பாமலேயே மூடிவிடுகிறாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, பின்பக்கத்தில் ஒவ்வொரு படிப்பின் பெயரையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். நேற்று அவள் தூங்கிய பிறகு எண்ணினேன். 31 தாள். மருந்தியல் என்று எழுதிய தாள் எத்தனை முறை இடம் மாறியதோ தெரியவில்லை, செலோடேப் இழுத்து இழுத்துக் கதவில் சாயம் உரிந்திருக்கிறது.

இது போதாதென்று இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம், ஓர் உதவித்தொகைக்கு 500 சொல்லில் கட்டுரை. கட்டுரைத் தாளில் பெயர் மட்டும் இருக்கிறது. பெரியம்மா அழைத்தால் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அந்தக் கதவின் முன்னால் நின்றபடியே சாப்பிடுகிறாள்.

நான் பேசினால் நெருக்குகிறேன் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்தால் ஒன்பது நாளும் ஓடிவிடும். நான் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

தம்பி, வணக்கம். பினாங்கில் 26 ஆண்டுகள் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் நடத்தினேன். உங்கள் மகளைப்போல ஆண்டுக்கு நான்கைந்து பிள்ளைகள் என் மேசைக்கு வருவார்கள். ஒருத்தர்கூடச் சோம்பேறி இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து பழகியவர்கள். யாரும் விடை சொல்லித் தராத கேள்வி இதுதான் முதல் முறை என்பதால் திகைத்துப்போவார்கள்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். தகுதிப் புள்ளியில் 90 தேர்வுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. 3.58ஐ 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 80.55. பள்ளி கொடுத்த புறப்பாடப் புள்ளி 8.4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 88.95. யூபியூ வழிகாட்டிப் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய சேர்க்கையின் சராசரித் தகுதிப் புள்ளி போட்டிருக்கும். அதை அந்தந்தத் தாளில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மருத்துவத்துக்கு இந்தப் புள்ளி எட்டாது. யாராவது பெரியவர் ஒருவர் இதை அவளிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். 3.58 நல்ல தேர்ச்சி என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அடுத்தது சிறப்புத் தகுதி. சில படிப்புகளுக்கு ஐந்தாம் படிவத்தில் எழுதிய எஸ்.பி.எம். பாடத்திலேயே இன்ன தரம் வேண்டும் என்பார்கள், சிலவற்றுக்கு மூவெட் ஆங்கிலத் தேர்வில் இன்ன நிலை, சிலவற்றுக்கு இயற்பியல். அவள் இயற்பியல் எடுக்கவில்லை அல்லவா? 31இல் எத்தனை தாள் இந்த ஒரு காரணத்தால் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலை போதும், மனத்தை வருத்தும் முடிவு எதுவும் இதில் இல்லை. தகுதி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. மிச்சமுள்ள தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் களைத்துப்போயிருக்கிறாள். "இதை யார் சொன்னார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னவர் பெயரைத் தாளின் மூலையில் எழுதட்டும். நான் பார்த்தவரை, முடிவெடுக்கத் தெரியாமல் திணறும் பிள்ளைகள் குறைவு. பத்துப் பேருடைய ஆசையைத் தலையில் சுமந்துகொண்டு, ஒரு தாளைக் கழற்றினால் ஒருவர் மனம் புண்படும் என்று அஞ்சுகிற பிள்ளைகளே அதிகம். பெரியப்பாவின் தாளைக் கழற்றுவது அவளுக்குப் பெரியப்பாவையே எதிர்த்துப் பேசுவதுபோல. அந்த வேலையை அவளுக்காக நீங்கள் செய்ய வேண்டும், தம்பி. உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவள் அல்ல.

வரிசை போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். யூபியூ 12 கடிதம் அனுப்பாது. கிடைப்பது ஒரே ஓர் இடம். ஆகவே இரண்டிரண்டு தாளாகக் கையில் கொடுத்து, "இரண்டிலும் இடம் கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்வது மேலே போகட்டும். கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதைப் பட்டியலில் வைக்கவே கூடாது.

நீங்கள் கடவுச்சொல் வாங்கி உள்ளே போய்விடாதீர்கள். என் மாணவி ஒருத்தியின் வரிசையை வீட்டார் இரவில் மாற்றிவிட்டார்கள். மாற்றிவைத்த அந்தப் படிப்பிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. ஒரு பருவம் போனாள், திரும்பி வந்துவிட்டாள். அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தனியார் விண்ணப்பங்களை இப்போதைக்கு மூடிவையுங்கள். அங்கே ஆண்டில் பல முறை மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்பது நாளில் முடிவது யூபியூ மட்டும்தான்.

மிண்டன் மாணவி

வணக்கம் ஐயா. பினாங்கில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். யூபியூ பட்டியலில் இது என்னுடைய ஏழாவது விருப்பம். முதல் வாரம் முழுக்க அழுதேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இப்போது ஆய்வகத்தை விட்டு வெளியே வர மனமில்லாமல் இருக்கிறேன்.

ஆசிரியை அம்மா சொன்னது எல்லாம் சரி. எனக்குக் கட்டுரையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நானும் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டே நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் அண்ணன் சமையலறையில் என்னை உட்காரவைத்து, "போன வருஷம் நீ செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்" என்று கேட்டு, நான் பேசியதைக் கைப்பேசியில் பதிவுசெய்தான். அந்தப் பதிவைக் கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்தேன். 700 சொல் வந்தது. குறைப்பது எளிதாக இருந்தது. தங்கையையும் பேசவிடுங்கள். உங்கள் வேனிலேயேகூடப் பேசலாம், முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது சிலருக்குச் சுலபம்.

முடிந்தால் ஒரு நாள் வளாகத்துக்கு அழைத்து வாருங்கள். பினாங்குப் பாலத்தில் இறங்கினால் வளாகம் இருக்கும் குளுகோர் சில நிமிடத் தொலைவுதான். மருந்தியல் தாளை அவ்வளவு முறை நகர்த்தியிருக்கிறாள் என்றால் அந்தக் கட்டடத்தையாவது பார்க்கட்டும். நாட்டின் முதல் மருந்தியல் கல்வி இங்கேதான் 1972இல் தொடங்கியது. சுகாதார அறிவியல் படிப்புகள் மட்டும் இங்கே இல்லை, அவை கிளந்தானில் குபாங் கெரியான் வளாகத்தில் நடக்கின்றன. யூ.எஸ்.எம். என்றாலே பினாங்கு என்று நினைத்து எழுதிவிட்டுப் பிறகு திகைத்த தோழிகள் எனக்கு உண்டு. எந்த வளாகம் என்பதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கிள்ளான் அம்மா

இரண்டு பிள்ளைகளுக்கு இதைப் பார்த்தவள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் மகளுடையதாக, அவள் தினமும் பார்ப்பதாக இருக்கட்டும். சில படிப்புகளுக்கு நேர்காணல் உண்டு, அழைப்பைத் தவறவிட்டால் அந்த இடம் போய்விடும். பள்ளி கொடுத்த புறப்பாடப் புள்ளியை ஒரு முறை சரிபாருங்கள், பிழை இருந்தால் பள்ளிக்கு உடனே போங்கள். பி.டி.பி.டி.என். என்கிற அரசின் உயர்கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இந்த விடுமுறையிலேயே திறந்துவிடலாம். சேமித்துவைப்பது வேறு, அனுப்புவது வேறு. அனுப்பிய பிறகு வரும் சீட்டை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால்தான் வேலை முடிந்தது. கடைசி இரவுக்கு விட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் வேன்காரர்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

தகுதி பார்த்ததிலேயே 31 தாள் 18 ஆனது. பொறியியல் தாள்கள் எல்லாம் போயின. பிறகு ஆசிரியை அம்மா சொன்னதுபோல, "இதை யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். அவள் முதலில் பேசவில்லை. பென்சிலை எடுத்து மூலையில் எழுத ஆரம்பித்தாள். பெரியம்மா, டியூஷன் ஆசிரியர், பெரியப்பா, பக்கத்து வீட்டு அண்ணி. நான்கு தாளில் "அப்பா" என்று இருந்தது. நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். செபராங் ஜெயா மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் "இங்கே ஒரு நாள் நீ வெள்ளை அங்கி போட்டு நிற்க வேண்டும்" என்று நான் சொல்வேனாம். உண்மைதான், சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றாம் படிவம் படித்த காலத்திலிருந்து சொல்லியிருக்கிறேன். அந்த நான்கையும் நானே கழற்றினேன். பெரியம்மாவை நானே அழைத்துப் பேசினேன். அவருக்கு வருத்தம்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டார்.

மூலையில் பெயரே எழுதாத தாள்கள் மூன்று. கதவின் அடியில், கட்டில் மறைக்கும் இடத்தில் ஒட்டியிருந்தாள். மூன்றிலும் ஒரே படிப்பு: குபாங் கெரியான், கோலாலம்பூரில் யூ.கே.எம். பல்கலைக்கழகம், செர்டாங்கில் யூ.பி.எம். பல்கலைக்கழகம். பெயரைப் படித்தும் எனக்குப் புரியவில்லை. "பத்தியம் சொல்லிக் கொடுக்கிற வேலை, அப்பா. மருத்துவமனையில் இருப்பார்கள்" என்றாள்.

தாள்களை மேசையில் பரப்பியபோதுதான் முன்பக்கத்தைப் பார்த்தேன். தேதிக்குக் கீழே, ராகுகாலத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் எண்கள். 9.4. 11.2. 8.1. பாட்டிக்குக் காலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அவள்தான், அது எனக்குத் தெரியும். எழுதிவைத்து, முதல் நாள் எவ்வளவு சோறு என்றும் "1 கப்", "முக்கால் கப்" என்று பக்கத்தில் குறித்திருப்பது தெரியாது. இரண்டாண்டாக என் அம்மாவுக்குச் சோற்றை அளந்து போடுவது அவள்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வேனில் மிண்டனுக்குப் போனோம். போகும்போது மகளைப் பாட்டியைப் பற்றிப் பேசவிட்டு, அவள் அம்மா பின்னால் உட்கார்ந்து பதிவுசெய்தாள். கட்டுரை பாதி வந்துவிட்டது. மருந்தியல் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தாள். அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, நான்காவது இடத்தில் வைத்திருக்கிறாள். புள்ளி எட்டுமோ எட்டாதோ, அது அவளே விரும்பி வைத்தது. அதற்குக் கீழே ஊட்டச்சத்து, உணவு அறிவியல் என்று வரிசை போகிறது. 12ஐயும் அவள்தான் நிரப்பினாள், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நேற்று இரவு 9.40க்கு அனுப்பிவிட்டாள். சீட்டை இன்று காலை பாகன் லுவார் சாலைக் கடையில் அச்செடுத்தோம்.

மிண்டன் மாணவியிடம் மகள் ஒன்று கேட்கச் சொன்னாள். நேர்காணலுக்கு அழைத்தால் குபாங் கெரியான் வளாகத்துக்கே போக வேண்டியிருக்குமா? போக வேண்டுமென்றால் வேனை ஓட்டிக்கொண்டு கிரிக் வழியாக மலையேறுவது நல்லதா, கோத்தா பாரு பஸ்ஸில் போவது நல்லதா? பாட்டியும் உடன் வருவேன் என்கிறார்.