கேஸ், மண்ணெண்ணெய், விறகு, கரண்ட்: அறையைச் சூடாக்க எது கட்டுப்படியாகும்? அவசர உதவி

வெதுவெதுப்பு:
வணக்கம். கேஸ் ஹீட்டர் போடுறோம், சிலிண்டர் ஆறே நாள்ல தீர்ந்துடுது. அப்படியும் ரூம் முழுசா சூடாகல. ஜன்னல்ல தண்ணியா வழியுது. மண்ணெண்ணெய், விறகு, கரண்ட் இந்த மூணுல எதுக்கு மாறினா செலவு குறையும்? இந்த வாரமே வாங்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நீலச்சுடர்:
சிலிண்டர் எத்தனை கிலோ? ஹீட்டர் புகைபோக்கி வெச்சு சுவரில் மாட்டினதா, சிலிண்டரை உள்ளேயே வெச்சு உருட்டிட்டுப் போற பெட்டி ஹீட்டரா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியுது? ரூம் நீள அகலம் என்ன? இதெல்லாம் தெரியாம பதில் சொல்ல முடியாது.

விறகுவெட்டி:
விறகுக்கு மாறிடுங்க, யோசிக்கவே வேண்டாம். நல்லா காய்ஞ்ச விறகு, அதாவது ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கிறது, கிலோவுக்கு 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும். மூடின இரும்பு அடுப்பில் எரிச்சா அதில் 70 சதவீதத்துக்கு மேல ரூமுக்குள்ள வரும். ஆனா திறந்த கணப்பு மட்டும் வேண்டாம். அதில் 10 முதல் 20 சதவீதம்தான் உள்ளே நிக்கும், மீதி ரூமில் இருக்கிற சூடான காத்தையும் இழுத்துக்கிட்டு புகைபோக்கி வழியா போயிடும். வீட்டில் புகைபோக்கி இருக்கா?

கொதிகலன்:
"எது மலிவு" என்பதே தவறான கேள்வி. இது இங்கே பல முறை விளக்கப்பட்டுவிட்டது. அடிப்படைக் கணக்கைப் படிக்காமல் கடைக்கு ஓடினால் இப்படித்தான் ஆகும். எரிபொருளைக் கிலோவிலும் லிட்டரிலும் ஒப்பிடக் கூடாது. அறைக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

விலை ÷ (வெப்ப மதிப்பு × அடுப்பின் திறன்). அவ்வளவுதான்.

எல்பிஜி ஒரு கிலோ சுமார் 12.8 யூனிட். மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் 10-க்குக் கொஞ்சம் குறைவு. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் ஒரு கிலோ 4.8. குழாய் எரிவாயு ஒரு கன மீட்டர் 10 முதல் 11. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட். உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

காற்றாடி:
கொதிகலன் சார் கணக்கு சரி, ஆனா கரண்டுக்கு அவர் சொன்னது சுருள் ஹீட்டருக்கு மட்டும்தான். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்கறதில்ல, வெளியிலிருந்து உள்ளே ஏத்துது. மிதமான குளிரில் ஒரு யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பம் வரும். வெளியே பனி உறையுற அளவுக்கு இறங்கினா அது 2, 2.5-ன்னு குறையும். ஈரக் குளிரில் வெளி யூனிட்டில் பனி படியும், அதை உருக்க நடுநடுவே கொஞ்ச நேரம் சூடு வராம நிக்கும். அது கோளாறு இல்ல.

வெதுவெதுப்பு, உங்க வீட்டில் ஸ்பிளிட் ஏசி இருந்தா அதோட ரிமோட்டை எடுத்துப் பாருங்க. மோட் பட்டனை அழுத்திக்கிட்டே போனா சூரியன் படம் வருதா? வந்து, வெளி யூனிட்டும் ஓடி, சூடான காத்து வந்தா உங்ககிட்ட ஏற்கனவே ஹீட் பம்ப் இருக்குன்னு அர்த்தம்.

யூனிட்கணக்கு:
விலை தெரியாமலே ஒரு விகிதம் சொல்லலாம். புகைபோக்கி உள்ள கேஸ் ஹீட்டரின் திறன் 85 சதவீதம்னு வெச்சா, ஒரு கிலோ எல்பிஜியில் அறைக்கு 10.9 யூனிட் வருது. அதனால ஒரு கிலோ கேஸ் விலை ஒரு யூனிட் கரண்ட் விலையைப் போல 10.9 மடங்குக்குக் கீழே இருந்தாதான் சுருள் ஹீட்டரை விட கேஸ் லாபம். 3 மடங்கு தரும் ஹீட் பம்போட ஒப்பிட்டா அந்த எல்லை 3.6 மடங்குக்கு இறங்கிடும். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுட்டு மத்ததைப் பேசலாம்.

வெதுவெதுப்பு:
எல்லாருக்கும் நன்றி. 15 கிலோ சிலிண்டர், உருட்டுற பெட்டி ஹீட்டர்தான். பெட்ரூமில் வெச்சிருக்கோம், மூணு பேனலும் எரியும். ராத்திரி தூங்கறப்ப 8 மணி நேரம். ரூம் 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.7, மேலே காங்கிரீட் கூரை. காத்து வரக் கூடாதுன்னு ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாச்சு. கூடத்துக்குப் போற கதவு பாதி திறந்திருக்கும். விறகு அடுப்பு ஒண்ணு கூடத்தில் இருக்கு, புகை ஜாஸ்தியா வருதுன்னு விட்டுட்டோம். காலைல எழுந்தா எல்லாருக்கும் தலைவலி, அது குளிரால இருக்கும்.

நீலச்சுடர்:
செலவுக் கணக்கை இப்போதைக்கு விடுங்க. இன்னிக்கு ராத்திரி அந்த ஹீட்டரைப் பத்த வைக்காதீங்க.

புகைபோக்கி இல்லாத ஹீட்டர், டேப் ஒட்டின ஜன்னல், தூங்குற அறை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. இது கார்பன் மோனாக்சைடு விஷவாயுவா இருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கதவு பாதி திறந்திருந்தா போதும்னு நினைக்காதீங்க, அந்தக் காத்தும் வீட்டுக்குள்ளேயே சுத்துற காத்துதான்.

1. டேப்பை எல்லாம் பிரிச்சு ஜன்னலைத் திறங்க. சிலிண்டர் வால்வை மூடுங்க.
2. வெளியே போனா தலைவலி குறையுதா, வீட்டுக்குள்ள வந்தா திரும்புதான்னு கவனிங்க. குமட்டல், தலைச்சுத்தல் இருந்தா உடனே மருத்துவரிடம் போய் கேஸ் ஹீட்டர் விஷயத்தை நீங்களே சொல்லுங்க. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். விரலில் மாட்டுற ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது, எண்ணு நல்லாவே இருக்கும், அதை நம்பாதீங்க.
3. எதை எரிச்சாலும் சரி, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி தூங்குற அறைப் பக்கம் மாட்டுங்க.

ஹீட்டரில் ஆக்சிஜன் குறைஞ்சா தானா அணையுற பாதுகாப்பு இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. அது அறையின் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கினாதான் வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடை அது நேரடியா அளக்காது. பேனலில் தூசி அடைச்சுச் சுடர் மஞ்சளா எரிஞ்சா ஆக்சிஜன் போதுமா இருக்கறப்பவே விஷவாயு வரும்.

ஜன்னல் தண்ணிக்கும் இதுதான் காரணம். ஒரு கிலோ எல்பிஜி எரிஞ்சா சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். 15 கிலோ சிலிண்டர் காலியாகறதுக்குள்ள 24 லிட்டர் தண்ணியை வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க. புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு மாறினாலும் இதே கதைதான், லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணி வரும், ஆபத்தும் அதேதான்.

காற்றாடி:
நீலச்சுடர் சொன்னதை முதல்ல செய்யுங்க. இன்னிக்கு ராத்திரிக்கு ஒரு ஆயில் ரேடியேட்டர், அதாவது உள்ளே எண்ணெய் நிரப்பின கரண்ட் ஹீட்டர், போதும். சிலிண்டர் ஆறு நாள் வந்ததுக்கும் கணக்கு இருக்கு. அந்த மாதிரி ஹீட்டர் முழுசா எரிஞ்சா 4.2 கிலோவாட், மணிக்கு 0.3 கிலோ. எட்டு மணி நேரத்துக்கு 2.4 கிலோ, ஆறு நாளில் 15 கிலோ முடியும். கசிவு எதுவும் இல்ல, எரிக்கிறதே அவ்வளவு.

விறகுவெட்டி:
ஆயில் ரேடியேட்டர் கரண்டை மிச்சம் பிடிக்கும், ஃபேன் ஹீட்டர் வாங்கிடாதீங்க.

யூனிட்கணக்கு:
இல்லை விறகுவெட்டி அண்ணா. சுருள் வெச்ச ஹீட்டர் எதுவா இருந்தாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். ஆயில் ரேடியேட்டர் மெதுவா ஏறி மெதுவா இறங்கும், சத்தம் இல்ல, தூங்குற அறைக்கு ஏத்தது. அதுக்காக வாங்கலாம், பில் குறையும்னு வாங்கக் கூடாது. ஒரு விஷயம்: 2 கிலோவாட் ஹீட்டரை நீட்டிப்பு ஒயரில் செருகாதீங்க. நேரா சுவர் சாக்கெட், அதுவும் அந்த மின்னோட்டத்தைத் தாங்குற சாக்கெட். ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை பொறுக்காத சூடு இருந்தா அந்த சாக்கெட்டை மாத்தணும்.

மூடுபனி:
குழாய் எரிவாயு வசதி இருந்தா, தண்ணியைச் சூடாக்கி ரேடியேட்டர்களில் சுத்த விடுற கண்டென்சிங் பாய்லர் போடலாமே? 105 சதவீதத் திறன்னு போட்டிருக்காங்க.

கொதிகலன்:
100 சதவீதத்துக்கு மேல் திறன் என்பது இயற்பியலுக்கே எதிரானது. பள்ளிப் பாடம் இது. விளம்பரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

யூனிட்கணக்கு:
சார், அந்த எண்ணில் பொய் இல்ல, வகுக்குற அடிதான் வேற. வெப்ப மதிப்பு ரெண்டு விதமா சொல்றாங்க. புகையோட போற நீராவியின் வெப்பத்தைச் சேர்க்காதது நிகர மதிப்பு, சேர்த்தது மொத்த மதிப்பு. குழாய் எரிவாயுவுக்கு மொத்தம் நிகரத்தை விட சுமார் 11 சதவீதம் அதிகம், எல்பிஜியில் இருக்கிற புரோப்பேனுக்கு 9 சதவீதம், டீசல் வகை எண்ணெய்க்கு 6 சதவீதம். நீராவியைக் குளிர வெச்சு அந்த வெப்பத்தையும் எடுக்குற பாய்லரை நிகர மதிப்பால் வகுத்தா 105 வரும். மொத்த மதிப்பால் வகுத்தா அதுவே 95. நீங்க மேலே எல்பிஜிக்கு சொன்ன 12.8-உம் நிகர மதிப்புதான். மொத்தம் கிட்டத்தட்ட 14. ரெண்டையும் கலந்தா கணக்கு கெட்டுடும்.

கொதிகலன்:
நிகரம், மொத்தம் எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரருக்கு அது தேவையில்லாத குழப்பம். அந்த நீராவி குளிர வேண்டுமென்றால் ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பழைய சிறிய ரேடியேட்டர்களை 75 டிகிரியில் ஓட்டுபவருக்கு 105-உம் கிடையாது, 95-உம் கிடையாது.

யூனிட்கணக்கு:
அது முழுக்க சரி. பாய்லர் வாங்கறவங்க இந்தத் திரும்புநீர் வெப்பத்தைத்தான் முதல்ல கேட்கணும்.

நீலச்சுடர்:
பேச்சு எங்கேயோ போகுது. கேட்டவர் பதில் போடவே இல்ல. வெதுவெதுப்பு, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஒரு வரியாவது போடுங்க.

யூனிட்கணக்கு:
அவர் வரும்போது பார்க்கட்டும்னு அந்த ரூமோட வெப்ப இழப்பைப் போட்டு வைக்கிறேன். வெளியே 2, உள்ளே 20, வித்தியாசம் 18 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி 3 சதுர மீட்டர், வெளிச்சுவர் ரெண்டு, செங்கல்னு வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு பெருக்கலிலும் நடு எண், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் (காற்றுக்கு மணிக்கு ஒரு கன மீட்டர்) வழியா போற வாட்.

கண்ணாடி: 3 × 5.5 × 18 = சுமார் 300 வாட்
காற்று மாற்றம், மணிக்கு ஒரு தடவை: 43 கன மீட்டர் × 0.34 × 18 = 260 வாட்
சுவர்: 18.6 × 2 × 18 = 670 வாட்
காங்கிரீட் கூரை: 16 × 3 × 18 = 860 வாட்

மொத்தம் 2,100 வாட் பக்கம். 4.2 கிலோவாட் எரிச்சும் சூடு பத்தலன்னா, பாதி அந்தத் திறந்த கதவு வழியா கூடத்துக்குப் போகுது. அவர் டேப் ஒட்டி மூச்சை அடைச்ச காற்றுக்கு வெறும் 260 வாட். கூரையில் போறது அதைப் போல மூணு மடங்கு. கூரைக்கு 5 செ.மீ. இன்சுலேஷன் ஃபோம் போட்டா 860 வாட் 165-க்கு இறங்கிடும். எட்டு மணி நேரத்தில் ஐந்தரை யூனிட் மிச்சம், எந்த எரிபொருளா இருந்தாலும். ஃபோமை உள்பக்கம் ஒட்டுறதுன்னா ஜிப்சம் பலகையால் மூடணும், தீப்பிடிச்சா திறந்த ஃபோம் ரொம்ப ஆபத்து.

மீதி 1,400 வாட்டுக்கு எட்டு மணி நேரம்: சுருள் ஹீட்டரில் 11 யூனிட், 3 மடங்கு தரும் ஹீட் பம்பில் 4 யூனிட்டுக்குள்ள.

வெதுவெதுப்பு:
தாமதத்துக்கு மன்னிக்கணும். எல்லாரும் நலம். டாக்டரைப் பார்த்தாச்சு, ஹீட்டரை வெளியே வெச்சாச்சு. சுடர் மஞ்சளாத்தான் எரிஞ்சிருக்கு, பேனல் முழுக்க தூசி. ரெண்டு நாளா தலைவலி இல்ல. அலாரம் மாட்டியாச்சு. ஏசி ரிமோட்டில் சூரியன் படம் வருது!! விறகு ஈரம் மீட்டரில் 28 காட்டுது, அது எரிக்கலாமா?

விறகுவெட்டி:
நல்ல சேதி தம்பி. மீட்டரை எங்கே குத்தினீங்க? வெளிப்பரப்பில் குத்தினா தப்பான எண் வரும். கட்டையைப் பிளந்து, புதுசா பிளந்த முகத்தில் நடுவில், நார் ஓடுற திசையில் குத்தணும். அப்புறம், பெரும்பாலான மீட்டர் உலர் எடையை வெச்சுக் காட்டும். ஒரு கிலோ கட்டையில் 220 கிராம் தண்ணி, 780 கிராம் மரம் இருந்தா மீட்டரில் 28, மொத்த எடைக் கணக்கில் 22. நாம பேசுற 20 சதவீதம் ரெண்டாவது கணக்கு, மீட்டரில் அது 25. அதனால இன்னும் கொஞ்சம் காயணும், ரொம்ப தூரம் இல்ல. தரையிலிருந்து தூக்கி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டைத் திறந்து விடுங்க.

ஈரமா எரிச்சா வெப்பம் குறையறது மட்டும் இல்ல. புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள்ள தார் மாதிரி படியும், ஒரு நாள் அது பத்திக்கும். விட்டு வெச்ச அடுப்புன்னு சொன்னீங்க, பத்த வைக்கறதுக்கு முன்னாடி புகைபோக்கியைச் சுத்தம் பண்ணிடுங்க. கூடத்துப் பக்கமும் ஒரு அலாரம் வேணும்.

காற்றாடி:
ஏசியை ராத்திரி அணைச்சு அணைச்சுப் போடாம 19, 20-ல தொடர்ந்து ஓட விடுங்க. வெளி யூனிட்டுக்கு முன்னாடி அடைப்பு இல்லாம பார்த்துக்கோங்க, உள்ளே ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. கதவை மூடி வெக்கலாம், இது எதையும் எரிக்கலையே.