ஸ்க்ருந்தா ரேடார்: லாட்வியா விடுதலை பெற்ற பிறகும் ரஷ்யா 1998 வரை அங்கே இருந்தது எப்படி?

வரைபடப்பித்தன்:
லாட்வியாவில் ஸ்க்ருந்தா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆளே இல்லாத ஒரு சோவியத் ராணுவக் குடியிருப்பு இருக்கிறது, படங்கள் பார்த்திருப்பீர்கள். ரேடார் நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் கட்டியது. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. 1991இல் லாட்வியா தனி நாடு, 1994 ஆகஸ்ட் கடைசியில் ரஷ்யப் படைகளும் கிளம்பிவிட்டன. ஆனால் ரேடார் மட்டும் 1998 வரை ரஷ்யர்கள் கையில் ஓடியிருக்கிறது. அதே வளாகத்தில் அரைகுறையாக நின்ற 19 மாடிப் புது ரேடார் கட்டடத்தையோ 1995 மே 4 அன்று வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார்கள். பழையதை ஓடவிட்டுப் புதியதை ஏன் இடிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், ரெண்டு வரி போதாது.

மீட்டர்அலை:
முதலில் அது ஏன் அங்கே முளைத்தது என்பதிலிருந்து வர வேண்டும். ஸ்க்ருந்தா விமானங்களைப் பார்க்கிற ரேடார் இல்லை. அணு ஏவுகணை கிளம்பிவிட்டதா என்று மாஸ்கோவுக்கு முதலில் சொல்ல வேண்டிய நிலையம். வடக்கே ஒலெனெகோர்ஸ்க்கில் ஒன்று, இங்கே ஒன்று, இந்த இரண்டும்தான் சோவியத் முன்னெச்சரிக்கை அமைப்பின் முதல் கண்கள், 1970களின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தவை. முதலில் த்னெஸ்தர்-எம், பிறகு த்னெப்ர் வகை. சுழலும் கிண்ணம் எதுவும் கிடையாது, ஏறக்குறைய 240 மீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் அசையாத ஆண்டெனா.

1972இல் அமெரிக்காவும் சோவியத்தும் போட்ட ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தில், இனிமேல் கட்டும் முன்னெச்சரிக்கை ரேடார்கள் நாட்டின் எல்லை ஓரத்தில், வெளிப்பக்கம் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. உள்நாட்டில் ரேடார் இருந்தால் அதை ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்த வழிகாட்டவும் பயன்படுத்தலாம் என்கிற பயம்தான் காரணம். சோவியத் இந்த விதியை மீறி சைபீரியாவில் க்ரஸ்னயார்ஸ்க் பக்கம் ஒன்றைக் கட்டி, 1989இல் மீறல்தான் என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் கலைக்க வேண்டியதாயிற்று. ஆக ஓரத்தில் கட்டுவதே வழக்கம். 1991இல் அந்த ஓரங்களெல்லாம் ஒரே வீச்சில் வெளிநாடாகிவிட்டன! லாட்வியாவில் ஸ்க்ருந்தா, உக்ரைனில் முகாச்செவோவும் செவஸ்தோபோலும், அஸர்பைஜானில் கபாலா, கஸாக்ஸ்தானில் பால்காஷ்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில் 1994 ஏப்ரல் 30 ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பழைய ரேடாரை உடனே நிறுத்தினால் ரஷ்யாவுக்கு வடமேற்கு ஆகாயம் இருண்டுவிடும். அதனால் 1998 ஆகஸ்ட் 31 வரை அவகாசம், அதற்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வாடகை, பிறகு பிரித்து எடுத்துச் செல்ல 18 மாதம். புதியது தர்யால் வகை, அது ஒருநாளும் வேலைக்கே வரவில்லை. அதை இடிப்பதால் யாருடைய பார்வையும் போகாது, விட்டுவைத்தால் என்றைக்காவது முடித்து ஓட்டலாம் என்ற ஆசை மிச்சமிருக்கும். லாட்வியா அதை இடிக்கச் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது என்பேன். இடிப்புச் செலவை அமெரிக்கா ஏற்றது, வெடிவைத்ததும் ஓர் அமெரிக்க நிறுவனம்.

பால்டிக்காற்று:
மேலே எழுதியவர் மாஸ்கோ பக்கத்திலிருந்து நன்றாகச் சொல்லிவிட்டார், உள்ளூர்க்காரர்கள் பக்கமும் வர வேண்டும். மே 4 சும்மா ஒரு தேதி இல்லை, 1990இல் லாட்வியா நாடாளுமன்றம் விடுதலைப் பிரகடனத்தை நிறைவேற்றிய நாள். ஐம்பது ஆண்டு ஆக்கிரமிப்புக்குப் பிறகு இன்னும் நாலு வருஷம் அந்த ராணுவத்தைச் சகித்துக்கொள் என்று ஒரு சின்ன நாட்டிடம் கேட்பது சாதாரண விஷயமா? எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. படைகள் மொத்தமாக வெளியேற அதுதான் விலை என்று கணக்குப் போட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். பேச்சு மாறாமல் நடக்கிறதா என்று பார்க்க ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இருந்தார், சோதனைகளும் நடந்தன.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. சுற்றியிருந்த கிராமங்களில் ரேடார் கதிர்வீச்சைப் பற்றிப் பெரும் கவலை இருந்தது. லாட்விய ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாற்றலையும் வினைவேகத்தையும், பைன் மரங்களின் வளையங்களையும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். ரேடாருக்கு எதிரே வசித்த பிள்ளைகள் சற்றுப் பின்தங்கியதாகவும் மர வளர்ச்சி குறைந்ததாகவும் அதில் வருகிறது. காரணம் அலைதான் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் அங்கே கட்டினார்கள், அதை மறக்கக் கூடாது.

வரைபடப்பித்தன்:
ரெண்டு பேருக்கும் நன்றி, இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. ஒரே ஒரு துணைக்கேள்வி: 1998இல் அணைத்த பிறகு அந்தப் பக்கத்தை ரஷ்யா எதை வைத்துப் பார்த்தது?

மீட்டர்அலை:
தரையிலிருந்து அந்தத் திசைக்குச் சில ஆண்டுகள் சரியான மாற்று இல்லை. பெலாரஸில் ஹன்ட்சவிச்சியில் வோல்கா வகை ரேடார் வேலைக்கு வந்தது 2003இல்தான். இது ரஷ்யாவுக்கு மட்டுமான ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1995 ஜனவரியில் நார்வேயிலிருந்து துருவ ஒளியை ஆராய விட்ட ஒரு ராக்கெட்டை ஏவுகணையோ என்று சந்தேகித்து அப்போதைய ரஷ்ய அதிபர் யெல்த்சினின் அணுப்பெட்டி (அணுத் தாக்குதலுக்கு உத்தரவிடும் பெட்டி) வரைக்கும் போனார்கள், ரேடார்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த நிலை. எதிரியின் கண் மங்கினால் நமக்கும்தான் ஆபத்து. என்னைக் கேட்டால் அந்த நாலு வருஷ அவகாசம் எல்லோருக்குமே நல்லது.

பால்டிக்காற்று:
குடியிருப்பின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடாரைக் கெடுவுக்கு முன்பே, 1999 அக்டோபரில் பிரித்து முடித்தார்கள். 2010இல் மொத்த ஊரும் ஏலத்துக்கு வந்து 15.5 லட்சம் லாட்ஸுக்கு (லாட்வியாவின் அப்போதைய நாணயம்) கேட்கப்பட்டது, வாங்கியவர் பணம் கட்டவில்லை. கடைசியில் 2015இல் ஸ்க்ருந்தா நகராட்சி வெறும் 12,000 யூரோவுக்கு எடுத்தது. இப்போது லாட்வியா ராணுவம் அங்கே பயிற்சி எடுக்கிறது, அதனால் போக நினைப்பவர்கள் அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.