நாலு மீட்டர் எஸ்யூவி எல்லாம் ஒரே முகம்: காரணம் சட்டமா, கம்பெனியா?

இளங்கோ:
பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், நெக்ஸான் நாலுக்கும் நீளம் 3995 மி.மீ. டிசைனர்களைத் திட்டிப் பயனில்லை. 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசி அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வந்தபோதே வடிவம் முடிவாகிவிட்டது. அந்த நீளத்தில் அஞ்சு பேரும் சாமான் வைக்கிற பூட் இடமும் அடங்கணும்னா பானெட்டைக் குறுக்கி, கூரையை உயர்த்தி, பின்பக்கத்தைச் செங்குத்தா வெட்டித்தான் ஆகணும்.

மெஹர்:
உங்க பட்டியல்ல முதல் வண்டியே இடிக்குது. பிரெஸ்ஸா பெட்ரோல் 1462 சிசி, அந்தச் சலுகை அதுக்குக் கிடையாது. இன்னொரு பக்கம், மஹிந்திரா தார் மூணு கதவு மாடல் 1497 சிசி டீசலில் 3985 மி.மீ. சலுகைக்குள்ளேயே வருது. அதை யாராவது வேற வண்டின்னு நினைப்பாங்களா?

இளங்கோ:
2016-ல் பிரெஸ்ஸா வந்தது 1248 சிசி டீசலோட. நீளம் அப்போ முடிவானது. டீசல் 2020-ல் போனது, அளவு தங்கிடுச்சு. தார் லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி மாதிரி இரும்புச் சட்டகத்து மேல உடலை வெச்சுக் கட்டினது), நாலு சீட்டு, பூட் பேருக்குத்தான். குடும்பக் காரோட அதைச் சேர்க்காதீங்க.

தாமஸ்:
ரெண்டு பேரும் வண்டியோட மூக்கை, அதாவது முன்பக்கத்தை, விட்டுட்டீங்க. பாதசாரி பாதுகாப்புச் சட்டப்படி, அவர் தலை மோதினா பானெட் தகடு மடங்கி மோதின வேகத்தை வாங்கிக்கணும். அதுக்கு இன்ஜின், பேட்டரி, ஸ்ட்ரட் மவுண்ட் (சஸ்பென்ஷனோட மேல்முனை) மேல ஏறக்குறைய 7–8 செ.மீ. காலி இடம் வேணும். இல்லேன்னா தகடு அடியில் போய் இரும்புல முட்டும், மண்டைக்கு அடி பலமாகும். அதனால பானெட் உயருது, கூடவே ஜன்னல் கோடும் உயருது. மோதின கணத்துல சின்ன வெடிப்பு விசையால பானெட்டைத் தூக்குற அமைப்பு வெச்சா தாழ்வான மூக்கும் சாத்தியம், ஆனா இந்த விலைக்குக் கட்டாது.

மெஹர்:
உயரம் சட்டத்தால வந்ததுன்னு ஒத்துக்கிறேன். மேலே மெல்லிய டிஆர்எல் (பகல்லயும் எரியுற விளக்கு), கீழே பம்பர்ல ஹெட்லேம்ப், பின்னாடி முழு அகல எல்இடி பட்டை: இதையெல்லாம் எந்தச் சட்டம் கேட்டது? அமெரிக்காவில் 1940-களிலிருந்து 1983 வரை சீல்டு பீம் விளக்கு (கண்ணாடி, பல்பு எல்லாம் ஒரே மூடின துண்டா வர்றது) கட்டாயம், அளவும் நிர்ணயிச்சது. அதே 7 அங்குல வட்ட விளக்கோட குட்டி ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஓடுச்சு, நீள மூக்கு ஃபோர்டு மஸ்டாங்கோட முதல் மாடலும் ஓடுச்சு. யாரும் குழம்பல.

தாமஸ்:
விளக்கைக் கீழே இறக்கினதுக்குக் காரணம் உண்டு. பானெட் விளிம்பு உயர்ந்தபிறகு ஹெட்லேம்ப்பை அங்கேயே வெச்சா எதிரே வர்ற சின்னக் கார் ஓட்டுநர் கண்ணுல அடிக்கும். கதவடியில் வர்ற கறுப்பு பிளாஸ்டிக் உறையான கிளாடிங்கும் உயரமான கதவை மெலிசாக் காட்டத்தான்.

மெஹர்:
விளக்கோட இடத்துக்கு அது பதில், உருவத்துக்கு இல்ல. கதவு, ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வர்ற) தகட்டை மாத்தணும்னா தகட்டை அழுத்தி வடிவாக்குற பல கட்ட டை (அச்சு) செட் புதுசா வேணும், செலவு பயங்கரம். பம்பர், கிரில், விளக்கு உறை எல்லாம் பிளாஸ்டிக். ஃபேஸ்லிஃப்ட்னு, அதாவது பழைய மாடலுக்குப் புது முகம்னு, வந்தா மாறுறதே அதுதான். மாத்துறதுக்குச் சுலபமான அந்த இடத்துலதான் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வரையறாங்க.