ராத்திரி பத்து மணிக்கு வரும் டிபார்ட்மென்ட் மெயிலை என்ன செய்கிறீர்கள்?

ஈசிஇ_மிஸ்

கோவைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வேலை. தியரி வகுப்புகள், லேப், அது போதாதென்று கிளாஸ் அட்வைசர் பொறுப்பும் என் தலையில். பகலில் மெயில் பார்க்க நேரம் கிடைக்காது, அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் காலேஜ் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் ஹோம்வொர்க்கை முடித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போதுதான் ஐக்யூஏசியிலிருந்து, அதாவது கல்லூரியின் தர உறுதிப் பிரிவிலிருந்து, மெயில் வரும்: 'நாளை காலை 9 மணிக்குள் அனுப்பவும்'. அதையே எச்ஓடி (துறைத் தலைவர்) ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கீழே வரிசையாக 'நோட்டட் சார்', 'ஷ்யூர் சார்'. நான் மட்டும் ஒன்றும் போடாவிட்டால் பளிச்சென்று தெரிகிறது.

கேட்பதும் புதிதாக ஒன்றும் இல்லை. எத்தனை பேப்பர் வெளியிட்டீர்கள், எந்த எஃப்டிபி (ஆசிரியர்களுக்கான பயிற்சி) போனீர்கள், ஏற்கெனவே கொடுத்ததையே வேறு ஃபார்மட்டில் கேட்கிறார்கள். 'வேலையை விட்டுவிடுங்கள்' என்பதைத் தவிர வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_எச்ஓடி

மேடம், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான எச்ஓடிகள் பத்து மணிக்கு மெயில் அனுப்புவது உங்களிடம் பத்தேகாலுக்குப் பதில் வாங்க இல்லை. அவருக்கு மேலிருந்து வந்தது, தன் பொறுப்பில் இருந்து கைமாற்றிவிட்டால் நிம்மதி, அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரியாது, அனுப்பியவரும் சொல்லமாட்டார்.

எங்கள் துறையில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்ய வேண்டும். மாணவருக்கு விபத்து, மறுநாள் தேர்வுக்கு மேற்பார்வையாளர் வரவில்லை, இந்த மாதிரி விஷயங்கள். மெயிலில் வந்தது எதுவும் அவசரம் இல்லை, மறுநாள் கல்லூரி நேரத்தில் பார்த்தால் போதும். இதை மீட்டிங் மினிட்ஸிலும் எழுதி வைத்தோம், வாய்ப்பேச்சாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. எனக்கு ராத்திரியில்தான் எழுத வசதி என்பதால் ஜிமெயிலில் ஷெட்யூல் சென்ட் போட்டு, காலை 8.30க்குப் போகிற மாதிரி வைத்துவிடுவேன். 2019 முதல் அந்த வசதி இருக்கிறது, இன்னும் நிறைய பிரின்சிபால்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. சிலர் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையைத் தூக்கிக்கொண்டு 'வாரம் 40 மணி நேரம்தான்' என்று சண்டைக்குப் போவார்கள். அதில் இருப்பது 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது. உச்சவரம்பு இல்லை. அதை ஆயுதமாக எடுத்தால் உங்கள் பக்கமே திரும்பும்.

தேர்வுப்பிரிவு_ராணி

எல்லாரும் ஆசிரியர் பக்கமே பேசுகிறீர்கள், அந்த மெயிலை அனுப்புகிற எங்களைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள். பல்கலைக்கழக போர்ட்டலில் இன்டர்னல் மார்க் ஏற்ற ஒரு வாரம் தருகிறார்கள். முதல் நாளே மெயில் போடுகிறோம். சப்ஜெக்ட் வரியில் வெறும் 'அவசரம்' என்று இருந்தால் யாரும் திறப்பதில்லை என்று புரிந்து, இப்போது 'இன்டர்னல் மார்க், மூன்றாம் ஆண்டு, வெள்ளி மாலை 4 மணிக்குள்' என்றே எழுதுகிறேன். திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். அப்படியும் கடைசி நாள் மாலைதான் கோப்பு வரும், அதன் பெயர் 'நியூ ஃபைனல் 2'. போர்ட்டல் மூடும்வரை உட்கார்ந்திருப்பது நாங்கள்தானே.

அப்புறம் இந்த ரிப்ளை ஆல். யாருக்காவது பிஎச்டி கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் மொத்தக் கல்லூரியும் 'வாழ்த்துகள் சார்' என்று எல்லாருக்கும் அனுப்பினால் நடுவில் வந்த ஹால் டிக்கெட் மெயில் கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தேடுகிற கதைதான். குழு முகவரியை பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாத முகவரிக் கட்டம்) போட்டு அனுப்பினால் இந்தத் தொல்லையே வராது. வந்துவிட்டால் அந்த உரையாடலை மட்டும் மியூட் செய்யுங்கள், வாழ்த்துகள் இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுங்கிவிடும்.

மெல்போர்ன்_மணி

இங்கே ஒரு பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் ஊரில் பலர் நினைக்கிற மாதிரி இரவில் மெயில் அனுப்பவே கூடாது என்று அதில் இல்லை. அனுப்பலாம். வேலை நேரத்துக்கு வெளியே வருவதைப் பார்க்கவோ பதில் போடவோ ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமில்லாததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எது நியாயம் என்று பார்க்கும்போது என்ன விஷயமாகக் கூப்பிட்டார்கள், அதற்குச் சம்பளம் உண்டா, உங்கள் பதவி என்ன, வீட்டுப் பொறுப்புகள் என்ன என்பதெல்லாம் கணக்கில் வரும். பிரான்ஸில் 2017லிருந்தே இதுபோல ஒன்று உண்டு. இந்தியாவில் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

சட்டம் வந்ததும் பேராசிரியர்கள் மாறிவிட்டார்களா என்றால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெயில் இங்கேயும் வருகிறது. கையெழுத்துக்குக் கீழே 'என் வேலை நேரம் உங்கள் வேலை நேரமாக இருக்க வேண்டியதில்லை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி தைரியம் தருகிறது.

ஆய்வு_மாணவன்

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2015ல் வந்த ஆய்வு. 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டத்துக்குப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. மேடம் முதல் வகுப்புக்கு முன், மதியச் சாப்பாட்டுக்குப் பின், கிளம்பும் முன் என்று பார்த்துவிட்டு, போனில் கல்லூரிக் கணக்குக்கு மட்டும் நோட்டிஃபிகேஷனை 'இல்லை' என்று மாற்றலாம். சொந்தக் கணக்கு வழக்கம்போல ஒலிக்கும்.

ஈசிஇ_மிஸ்

எல்லாருக்கும் நன்றி. போன் விஷயத்தை இன்றைக்கே செய்துவிடுகிறேன். மினிட்ஸில் எழுதுவதற்கு எங்கள் எச்ஓடி சம்மதிப்பாரா என்பது சந்தேகம்தான், சீனியர் ஒருவரை விட்டுப் பேச வைக்க வேண்டும். ஆனால் அதே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு என்ன செய்வது? அப்புறம், வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்தால் அவருக்குத் தெரியுமா?

தேர்வுப்பிரிவு_ராணி

துறைக்கு ஒரே ஒரு கூகுள் ஷீட் வையுங்கள். பேப்பர், எஃப்டிபி, பேடன்ட், ஒவ்வொன்றுக்கும் தேதி, சான்றிதழின் டிரைவ் லிங்க். நடந்த அன்றே அவரவர் ஏற்றிவிட வேண்டும். ஐக்யூஏசி கேட்டால் எச்ஓடியே எடுத்துக்கொள்வார், உங்களுக்கு மெயில் வர வேண்டிய அவசியமே இல்லை. நாக் (கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) ஆண்டறிக்கைக்கும் அதே ஷீட்தான், தேதி இருந்தால் எந்தக் கல்வியாண்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

மியூட் செய்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் குழுவைத் திறந்து படித்தால் தெரியும். ப்ளூ டிக்கை நிறுத்தி வைத்திருந்தாலும் குழுவில் அது செல்லாது, யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவர் மெசேஜ் இன்ஃபோவில் பார்க்கலாம். எங்கள் பிரின்சிபால் பார்ப்பார். அதனால் காலையில் திறங்கள்.