வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பால்: எங்கள் அனுபவங்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்:

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, சிம்மக்கல் பக்கம் உள்ள ஒரு தணிக்கை அலுவலகத்துக்கு நான் திரும்பிய முதல் நாளில், பகல் பதினொன்றரை மணிக்கெல்லாம் மார்பு கனக்கத் தொடங்கிவிட்டது. மாலையில் பேருந்தில் பின் இருக்கைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுததும், என் குழந்தையே அழுததைப்போல் எனக்குப் பால் இறங்கி, ரவிக்கை நனைந்துவிட்டது. அழுகுரலைக் கேட்டாலே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் வெளிப்படும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அது ஊரான் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவு பால் கட்டிக்கொண்டு இரு மார்பும் கல்லாக இறுகின. பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார். அம்மாதான் பதறிப்போய்த் தடுத்தார்: "பால் மறக்கடிக்க வேண்டுமென்றால்தானே பூவைக் கட்டுவார்கள்? இவள் இன்னும் கொடுக்க வேண்டுமே!" வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக் குழந்தையை அடுத்தடுத்துக் குடிக்கவிட்ட பிறகே வலி தணிந்தது. மார்பில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பும் குறைந்துவிடும் என்பதால், அலுவலகத்திலேயே பாலை எடுத்தாக வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேசையிலிருந்த பேரேட்டைப் பார்த்தபடியே கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரவேண்டும் என்று அப்போது நடைமுறையிலிருந்த 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே சொன்னதை எடுத்துக்காட்டினேன். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நாங்கள் பதினான்கு பேர்தான் என்பதால் அதை நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பழைய கோப்புகள் அடுக்கிய அறையை ஒழித்துக் கொடுத்தார். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி, கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியைப் போட்டு, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கைப்பம்பால் பால் எடுத்தேன். முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு 30 மில்லி தேறுவதே பெரும்பாடாக இருந்தது. குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே எடுக்கப் பழகிய பிறகு இரண்டு வேளையும் சேர்த்து 150 மில்லி கிடைத்தது.

அடுத்த சிக்கல் வெயில். எடுத்த பாலை நான்கு மணி நேரம்வரை வெளியே வைக்கலாம் என்பது ஏறத்தாழ 25 டிகிரி வெப்பமுள்ள அறைக்குச் சொன்னது. மதுரைச் சித்திரைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மூடிய டப்பாக்களைப் பனிக்கட்டி போட்ட பெரிய பிளாஸ்கில் வைத்தேன். மதியத்துக்குள் அது உருகிவிடும் என்பதால், கீழே இருந்த ஜிகர்தண்டா கடையில் மீண்டும் வாங்கி நிரப்பினேன். எனக்குத் தீராத தலைவலி என்றே கடைக்காரர் கடைசிவரை நினைத்திருந்தார்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த இரண்டு நாள் பாலை, மேலே ஏடுபோல் கொழுப்புப் பிரிந்து நின்றதைக் கண்டு கெட்டுவிட்டது என்று எண்ணிய மாமியார், முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டார். நான் அழுதே விட்டேன். கொழுப்பு பிரிவது இயல்பு என்றும், டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்றும் செவிலியர் ஒருவர் விளக்கிய பிறகு, டப்பா ஒவ்வொன்றிலும் தேதி எழுதச் சொல்லி என்னை விரட்டியவர் மாமியாரேதான். பாட்டிலைத் தொட மறுத்த குழந்தைக்குப் பாலாடையில் பொறுமையாகப் புகட்டியவரும் அவர்தான்.

ஒத்தக்கடையிலிருந்து மற்றொரு தாய்:

உங்களுக்குக் கோப்பறையாவது கிடைத்தது, சகோதரி. நான் ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொன்ன 2021 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எங்களுக்கு உட்கார முக்காலி வந்தது. பால் எடுக்க இடம் வரவில்லை. துணி மாற்றிப் பார்க்கும் அறைக்குள் நின்றுகொண்டே கையால் பீய்ச்சுவேன். வெளியே வாடிக்கையாளர் கதவைத் தட்டுவார். அந்தப் பாலைச் சேமிக்க வழியில்லாமல் கொட்டிவிடும் நாள்கள்தான் மிகுதி. பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை அரசு 2015 ஆம் ஆண்டில் திறந்தது நல்ல செயல்தான். ஆனால் நான் ஒருமுறை அவசரமாக ஓடிப்போய்ப் பார்த்த அறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று சொல்ல ஆளில்லை.

ஒன்பதாம் மாதத்தில் பகலில் எடுப்பதை விட்டுவிட்டேன். அதற்குள் குழந்தை கேழ்வரகுக் கூழும் பருப்புச் சோறும் உண்ணத் தொடங்கியிருந்தான். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்று தெரிந்துகொண்டு, இரவிலும் விடியற்காலையிலும் கொடுப்பதை மட்டும் விடவே இல்லை. இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. மாலையில் நான் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி வருவதற்குள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான்.