முதுகெலும்பு வளைவுப் பயிற்சியை வீட்டிலிருந்தே தொடர வழிகாட்டுங்கள்

குழுவில் உள்ள இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

12 வயதான என் மகளுக்கு ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல்) உள்ளது. கடைசி எக்ஸ்ரேயில் வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் 22 டிகிரி. ஜெர்மனியில் காத்தரீனா ஷ்ரோத் 1921இல் தொடங்கிய, வளைவுக்கான உடற்பயிற்சி முறையில் (ஷ்ரோத் முறை) அவள் பயிற்சி பெற்றுவந்தாள். சிகிச்சை மையம் மூடப்பட்டதால், இப்போது வீடியோ அழைப்பில்தான் செய்கிறாள்.

கம்பியைப் பிடித்து உடலை மேல்நோக்கி நீட்டும் பயிற்சியைச் சன்னல் கம்பியில் செய்துவிடுகிறோம். மூச்சுப் பயிற்சிதான் கடினமாக இருக்கிறது. முதுகின் இடப்புறம் விலா உள்ளொடுங்கிய இடத்தில் சிகிச்சையாளர் விரல்களை வைத்து, அங்கே மூச்சை நிரப்பச் சொல்லுவார். நான் வைத்தால் அவள் தோளை உயர்த்திவிடுகிறாள், அது திரையிலும் சரியாகத் தெரிவதில்லை.

வேகமாக உயரும் இந்த வயதில்தான் வளைவு கூடும் வாய்ப்பு அதிகம் என்பதாலும், 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் (முதுகைத் தாங்கும் உடற்பட்டை) பற்றி யோசிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதாலும், மையம் திறக்கட்டும் என்று காத்திருக்க மனம் ஒப்பவில்லை.

கேமராவை எங்கே வைத்தால் முதுகின் அசைவு தெளிவாகத் தெரியும்? தோள் உயராமலிருக்க நான் கையை எப்படி வைக்க வேண்டும்? ஷ்ரோத் முறையில் முறையாகப் பயின்று, இணையவழியில் தமிழில் சொல்லித்தருபவர்களை அறிந்திருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். எக்ஸ்ரே படம் தேவையெனில் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.