சன்னி ரோலின்ஸ் மேடையை விட்டுப் பாலத்திற்குப் போனது ஏன்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாகத்தான் ஜாஸ் கேட்டு வருகிறேன். டெனர் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ், 1959 கோடையில், 28 வயதில், பெயரும் வாய்ப்புகளும் குவிந்திருந்த நேரத்தில், கச்சேரிகளை நிறுத்திவிட்டு நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் இரண்டாண்டுக்கும் மேலாகத் தனியே சாதகம் செய்தார் என்று படித்தேன். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணமா? அந்த உழைப்பின் பலன் பிந்தைய பதிவுகளில் காதுக்குத் தெரிகிறதா?

முதல் மறுமொழி:

வணக்கம். பாலத்தைத் தேர்ந்ததற்கு அண்டை வீடு காரணம் என்பது உண்மை. அவர் கிராண்ட் தெருவில் குடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்ததால் உள்ளே வாசிக்க மனம் வரவில்லை. ஆனால் மேடையை விட்டதற்குக் காரணம் வேறு. தன்னைப் பற்றி ஊர் பேசிய அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவர் மனதார நம்பினார்.

அவருடைய இளமையை அறிந்தால் இது விளங்கும். 1930-இல் நியூயார்க்கின் ஹார்லமில் பிறந்தவர். பெற்றோர் வெர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர்கள். இருபது வயதையொட்டி ஹெராயின் பழக்கமும் சிறைவாசமும் அவரை ஆட்டிப் படைத்தன. 1955-இல் லெக்ஸிங்டன் மருத்துவமனைக்குத் தாமாகவே சென்று சிகிச்சை பெற்று மீண்டார். அதன்பின் சேர்ந்த குழுவில், போதையைத் தொடாமலே மேதையாக வாசிக்க முடியும் என்பதற்குக் கண்கண்ட சான்றாக டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன் இருந்தார். 1956 ஜூன் 22 அன்று ரோலின்ஸ் 'சாக்ஸபோன் கொலாசஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். நான்கே நாட்களில் பிரவுன் கார் விபத்தில் இறந்தார். இப்படி ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு விலகித் தன்னைச் சீர்செய்துகொண்டவருக்கு, இரண்டாம் முறை விலகுவது தோல்வியாகத் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டாம் மறுமொழி:

நானும் டெனர் வாசிப்பவன் என்பதால் சாதகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில், சாக்ஸபோனின் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு பல ஆண்டுகள் பழகியவன் நான். முதன்முறையாக மொட்டைமாடிக்குப் போய் ஊதிய அன்று, என் நாதம் எவ்வளவு மெலிந்தது என்பது புரிந்துவிட்டது. அறையின் சுவர்கள் நாதத்தைத் திருப்பித் தந்து நம்மை ஏமாற்றும். திறந்த வெளியில் எதுவும் திரும்பி வராது, அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சு மட்டுமே துணை. குளிரில் விரல் மரத்துப்போகும், சுருதியும் இறங்கும். ரோலின்ஸோ பனிக்காலத்திலும், சில நாட்களில் பதினைந்து மணி நேரம் வரையிலும், ஒருபுறம் ரயில் தடதடக்க, கீழே கிழக்கு ஆற்றில் போகும் படகுகளின் சங்கொலிக்குப் பதில் கொடுத்தபடி வாசித்திருக்கிறார். நம் ஊரில் இதைத்தான் அசுர சாதகம் என்பார்கள்.

1961 நவம்பரில் அவர் மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு 'தி பிரிட்ஜ்' (பாலம்) என்ற இசைத்தட்டு வெளிவந்தது. பியானோவுக்குப் பதில் ஜிம் ஹாலின் கிதார். அதற்குள் சாக்ஸபோன் கலைஞர்களான ஜான் கோல்ட்ரேனும் ஆர்னெட் கோல்மனும் ஜாஸின் போக்கையே மாற்றியிருந்ததால், இவரும் புரட்சி செய்வார் என்று காத்திருந்த விமர்சகர்கள் சிலர் ஏமாற்றம் அடைந்தனர். அவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள் என்பேன். அந்தத் தட்டில் 'காட் பிளெஸ் தி சைல்ட்' பாட்டைக் கேளுங்கள்: மிக மெதுவான காலத்திலும் ஒரு ஸ்வரம்கூடத் தளராமல் நிற்கிறது. பலன் அங்கே இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி:

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அவர் விலகியது அந்த ஒருமுறையோடு முடியவில்லை. 1960-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, மும்பையின் பொவாயில் உள்ள ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி வேதாந்தமும் யோகமும் பயின்றார். மீண்டும் மேடையை விட்டிருந்து, 1970-களின் தொடக்கத்தில் திரும்பினார்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு 'தி பிரிட்ஜ்' தட்டின் முதல் பாட்டான 'விதவுட் எ சாங்' கேட்டேன். பிறகு அதே பாட்டை 2001 செப்டம்பர் 15 பாஸ்டன் கச்சேரிப் பதிவில் கேட்டேன். உலக வர்த்தக மையத்துக்கு அருகிலிருந்த தம் குடியிருப்பிலிருந்து சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய சில நாட்களில், 71 வயதில் வாசித்தது அது. இளமைப் பதிவில் இருந்த அடக்கம் இதில் இல்லை. நாதம் கரகரத்து, சொற்றொடர்கள் நீண்டு, நிறுத்தவே மனமில்லாதது போல ஒலிக்கிறது. டெனர் வாசிக்கும் நண்பரிடம் ஒரு கேள்வி: அந்த வயதில் அவ்வளவு நீளமான மூச்சு எப்படிக் கைகூடுகிறது?

இரண்டாம் மறுமொழியாளர்:

ஒரே மூச்சு என்று தோன்றுவது பெரும்பாலும் பல மூச்சுகளின் கோவைதான், நண்பரே. சொற்றொடரின் நடுவில், தாளம் விட்டுக்கொடுக்கும் நொடியில், உதட்டோரமாக ஒரு சிறு மூச்சு எடுத்துக்கொள்வோம். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் அது உங்களுக்கே பிடிபடும்.